வரிசையில் முதல் வாக்கியம்

மறுகுரல் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு யோசனையை மின்னஞ்சல் குழுவில் போட்டால் எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள். அதற்குள் ஒருவரும் மறுக்காவிட்டால் யோசனை நிறைவேறிவிடும். ஓட்டெடுப்பு கிடையாது, கூட்டம் கூட்டி வடை தின்பது கிடையாது. சம்பளமில்லாமல் மென்பொருள் எழுதுகிறவர்களுக்குக் கூட்டம் போட ஏது நேரம்? மறுப்பு இருந்தால் பேசு, இல்லாவிட்டால் வேலையைப் பார்க்க விடு. இந்த விதியை எழுதியவன் ஞானசேகர். அப்போது அவன் விரல்கள் கீபோர்டில் ஓடிய ஓட்டத்துக்கு மூன்று நாள் என்பதே ஊர்ப்பட்ட தாராளம்.

பதினான்கு வருஷம் கழித்து அந்த விதி அவன் வாயையே அடைத்தது. அடைத்தவள் சுபத்ரா. அவனோடு ஒரே கல்லூரியில் படித்து, பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கடையின் மாடியறையில் அவனோடு சேர்ந்து மறுகுரலைத் தொடங்கியவள்.

மறுகுரல் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்தாலோ நரம்பு நோயாலோ பேச்சும் கையும் போனவர்கள் முன்னால் ஒரு திரை, திரையின் மேல் ஒரு சின்ன கேமரா. கண் எந்த எழுத்தைப் பார்க்கிறதோ அந்த எழுத்து விழும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுவது பெரும்பாடு என்பதால், இரண்டு மூன்று எழுத்து விழுந்ததுமே, நீங்கள் சொல்ல வருவது இதுவாக இருக்கலாம் என்று ஐந்து வாக்கியங்களை வரிசையாகக் காட்டும். வேண்டியதை ஒரு நொடி பார்த்தால் போதும், இயந்திரம் அதைப் பேசிவிடும். அந்த ஐந்தில் எது மேலே வர வேண்டும் என்கிற பட்டியல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மறுகுரலின் இணையதளத்திலிருந்து எல்லோருடைய கருவிக்கும் போய்ச் சேரும். எல்லாம் இலவசம். மென்பொருளின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

ஞானசேகருக்கே அந்த நோய் வந்தது. முதலில் கால், பிறகு கை, பிறகு நாக்கு. நாலே வருஷத்தில் கருவிழிகள் மட்டும் மிஞ்சின. தான் எழுதிய மென்பொருளின் முன்னால் தானே போய்ப் படுத்தான். ஆனாலும் அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஃபேனைப் போடு, தலையணையை நகர்த்து என்பதையெல்லாம் வரிசையிலிருந்து எடுத்துப் பேசுவான். முக்கியமான விஷயம் என்றால் ஒவ்வொரு எழுத்தாகத்தான். "வரிசையில வர்றது ஊரார் பேச்சு. எழுத்தெழுத்தா வர்றதுதான் எம் பேச்சு" என்று பேச்சு இருந்த காலத்தில் சுபத்ராவிடம் சொல்லியிருக்கிறான்.

போன வருஷம் சுபத்ரா குழுவில் ஒரு யோசனை போட்டாள். இணையதளத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியை விளம்பரத்துக்கு விடலாம். வருகிற பணத்தில் கேமரா வாங்க முடியாதவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாம். நல்ல யோசனை, யார் குற்றம் சொல்ல முடியும்? எழுபத்திரண்டு மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் பெங்களூர் விளம்பர நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டாள்.

எழுபத்தைந்தாவது மணி நேரத்தில் ஞானசேகரின் அஞ்சல் வந்தது.

"வேண்டாம் சுபா. பேச முடியாதவங்க வந்து நிக்கிற வாசல் இது. வாசல்ல கடை போட விடாதே."

யோசனையைப் படித்த முதல் மணி நேரத்திலேயே அவன் எழுதத் தொடங்கியிருந்தான். இமை சோர்ந்து போகும், ஓய்வெடுப்பான், திரும்ப எழுதுவான். இந்த மூன்று வரிக்கு மூன்று நாளுக்கு மேல் ஆனது. பேச முடியாதவர்களுக்காக மென்பொருள் எழுதுகிற கூட்டத்தில், மெதுவாகப் பேசுகிறவனுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுபத்ரா பதில் போட்டாள்: "மூணு மணி நேரம் லேட் சேகர். நீ எழுதுன விதிதான்!" பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை வேறு. அந்தப் பொம்மையைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவள் கூசிப்போனாள்.

அவன் அதற்குப் பதில் எழுதவில்லை. ஒரு வருஷத்தில் நாற்பத்துமூன்று பேருக்குக் கேமரா போய்ச் சேர்ந்தது. வலது ஓரத்தில் காபித்தூளும் பட்டுப்புடவையும் வந்து வந்து போயின.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஞானசேகரின் மனைவி யமுனா போன் செய்தாள். அவனை அவிநாசி ரோட்டு மருத்துவமனையில் சேர்த்து ஆறு நாள் ஆகியிருந்தது. முகமூடி வழியே கொடுக்கும் காற்று போதவில்லை. தொண்டையில் துளையிட்டுச் சுவாசக் கருவி பொருத்தினால் பல வருஷம் இருக்கலாம். பொருத்தாவிட்டால் நாட்கணக்குதான்.

"அக்கா, அவரு சரின்னுட்டாருங்க்கா!" யமுனா அழுதுகொண்டே சிரித்தாள். "டாக்டரம்மா கேட்டாங்க. ரெண்டே நிமிசத்துல சொல்லிட்டாருங்க்கா. புதங்கிழமை ஆபரேசனுங்க."

"ரெண்டு நிமிஷமா?"

"ஆமாங்க்கா. பழைய மறுப்பை ரத்து செய்யறேன், கருவி பொருத்துங்கன்னு, அப்படியே முழுசா!"

சுபத்ரா வாழ்த்துச் சொல்லி போனை வைத்தாள். வைத்த பிறகுதான் அந்தப் பழைய மறுப்பு நினைவுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், நோயின் பெயர் தெரிந்த மாதத்திலேயே, சுவாசக் கருவி வேண்டாம் என்று ஞானசேகர் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தான். சாட்சிக் கையெழுத்து அவளுடையது. "காத்துப் போன டியூப்பாட்டம் என்னைய ஊதி ஊதி வெச்சுக்க வேண்டாம்" என்று அன்றைக்கு அவன் சிரித்தது காதிலேயே இருந்தது. அதைவிட முக்கியம், மூன்று நாள் மல்லுக்கட்டி ஒரு மறுப்பை எழுதியவன், தன் உயிரைப் பற்றிய பேச்சை இரண்டு நிமிஷத்தில் முடிப்பானா?

மறுநாள் காலையில் அவள் இணையதளத்தைக் குடைந்தாள். ஒரு மணி நேரத்தில் விஷயம் அகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை போன பட்டியலில் ஒரு மாற்றம் இருந்தது. மருத்துவமனை வாக்கியங்களில் நாலாவதாக இருந்த ஒன்று முதலாவதாக ஏறியிருந்தது. "என் பழைய மறுப்பை ரத்து செய்கிறேன், எனக்குச் சுவாசக் கருவி பொருத்துங்கள்." அதன் அருகே ஒரு விளம்பர எண். சுவாசக் கருவிகளை வீட்டுக்கே கொண்டுவந்து வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் எண் அது.

பெங்களூருக்குப் போன் போட்டாள். ரோஹித் என்று ஒருவன் பேசினான். பொறுமையான குரல், பொறுமைக்காகவே சம்பளம் வாங்குகிற குரல்.

"மேடம், 'தளத்தின் எல்லாப் பக்கங்களிலும்'னு ஒப்பந்தத்துல இருக்கு. அந்தப் பட்டியலும் உங்க தளத்துல ஒரு பக்கமாத்தானே இருக்கு?"

இருந்தது. வேறு இடத்தில் வைக்கச் சோம்பல்பட்டு, தொடக்கத்திலிருந்தே அதை இணையதளத்திலேயே ஒரு பக்கமாகப் போட்டு வைத்திருந்தார்கள்.

"அது மனுஷங்க பேசற பேச்சுங்க! அதுல போய் விளம்பரம் பண்ணுவீங்களா?"

"நாங்க ஒரு எழுத்துகூட சேர்க்கல மேடம். உங்க வாக்கியம்தான். கொஞ்சம் மேல ஏத்தினோம், அவ்வளவுதான். யாரையும் எதையும் சொல்ல வைக்கலையே. கடையில சரக்கை முன்னாடி அடுக்கற மாதிரிதான்."

சுபத்ரா அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் கேட்டுக்கொண்டான். திட்டி முடித்ததும் கையோடு பட்டியலை இணையதளத்திலிருந்து பிரித்தெடுத்தாள். பிறகு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனாள். வழி முழுக்க அவளுக்கு ஒரே நினைப்புதான்: போன தடவை சேகரின் மறுப்பைக் காது கொடுத்துக் கேட்கவில்லை, இந்தத் தடவை கேட்டே தீர வேண்டும்.

நோயாளி தந்த சம்மதத்தைச் சரிபார்க்கும் மருத்துவமனைச் சம்மதக் குழுவுக்குத் தலைவர் டாக்டர் மெஹருன்னிசா. ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். சுபத்ரா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் அந்த வாக்கியத்தை வரிசையிலிருந்து எடுத்தது நிச்சயமா?"

"பதிவு இருக்குங்க டாக்டர். மூணே எழுத்து அடிச்சிருக்கான். உடனே முதல் வாக்கியம். முக்கியமானது எதையும் அவன் அப்படிச் சொல்றவனே இல்லைங்க. எனக்கு அவனை இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும்."

"அப்படீன்னா சட்டப்படி அது அவர் வாக்கு ஆகாது. பழைய கடிதம்தான் நிற்கும்." "இதை ஒருதடவை பொருத்தினா எடுக்கிறது லேசில்லம்மா. அதனாலதான் இவ்வளவு கெடுபிடி. புதுசா, சுத்தமான கருவியில, தன் சொந்தச் சொல்லுல அவரே வாக்குமூலம் தரணும். பேரு, பழைய கடிதத்தைப் பத்தி, இப்ப என்ன வேணும், ஏன். ஒற்றைச் சொல் செல்லாது."

யமுனா சுவரோரம் நின்றிருந்தாள். "கண்ணைப் பார்த்துக் கேட்டாப் போதாதுங்களா? வலப்பக்கம் பாத்தா ஆமான்னு..."

"அதைப் படிக்கிறது நாம தானம்மா. அது நம்ம ஊகமாயிடும்."

"அவரு சொன்னாருங்க. எங்காதால கேட்டனுங்க." யமுனா சுபத்ராவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க போயி எதுக்குங்க்கா இப்படி?"

"அது அவன் பேசலை யமுனா. விளம்பரம் பேசுச்சு."

சொல்லும்போது சுபத்ராவுக்கே அந்த வாக்கியம் ரொம்பச் சரியாக இருப்பதாகத் தோன்றியது.

அறைக்குள் போனாள். ஞானசேகரின் முகத்தில் பாதி முகமூடிக்குள் இருந்தது. அவள் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். பட்டியலில் கைவைத்துவிட்டார்கள், விளம்பரத்துக்கு முந்தைய பழைய பிரதியைப் போட்டுத் தருகிறேன், அந்த ஐந்து வாக்கிய வரிசையையும் நிறுத்திவிடுகிறேன், யாரும் உன்னை எதையும் சொல்ல வைக்க முடியாது. அவன் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓரத்தில் நீர் கோத்தது. அவள் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

அவளே ஒரு நிபந்தனையும் சேர்த்தாள். அவன் எழுதி முடிக்கும் வரை திரையை யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்களின் முகம் மாறும், அந்த முகத்தைப் பார்த்து அவன் மனம் மாறும். 'முடிந்தது' என்ற கட்டத்தை அவன் பார்த்த பிறகு இயந்திரம் தானே வாசிக்கட்டும். டாக்டர் ஒப்புக்கொண்டார். திரை அவன் பக்கம் மட்டும் திருப்பி வைக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவன் எழுதத் தொடங்கினான்.

புதன்கிழமை ஆபரேஷன் நேரம் வந்து போனது. எழுத்து விழுகிற சின்ன ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து ஓசை, பிறகு அரைமணி நேரம் ஒன்றும் இருக்காது. வியாழக்கிழமை இடைவெளி ஒரு மணி நேரமானது, இரண்டு மணி நேரமானது. யமுனா ஒவ்வொரு ஓசைக்கும் தலையைத் தூக்கினாள். கேன்டீனிலிருந்து சுபத்ரா வாங்கி வந்த இட்லியை அவள் கையிலிருந்து வாங்கவில்லை.

வியாழன் மத்தியானம் டாக்டர் வராந்தாவில் சுபத்ராவை நிறுத்தினார். "ரத்தத்துல கெட்ட காற்று ஏறிக்கிட்டே போகுது. சீக்கிரம் முடிச்சாருன்னா நல்லது."

"அவன் வேண்டாம்னுதான் எழுதிட்டிருக்கான் டாக்டர். அதுக்குத்தான் இவ்வளவு நேரம். காரணம் சொல்லணுமில்லீங்களா? யமுனா மனசு நோகாம எழுதணும்னு பார்ப்பான்."

அவளுக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இயந்திரம் பேசியது. நோய்க்கு முன்னால் பதிந்து வைத்திருந்த ஞானசேகரின் சொந்தக் குரல்தான்.

"ஞானசேகர். பழைய கடிதம் செல்லாது. கருவி மாட்டுங்க. திங்கக்கிழமை சொன்னதும் நான்தான். மூச்சு இல்ல, இருந்ததை எடுத்தேன். இருக்கப் பிடிச்சிருக்கு."

அவ்வளவுதான். எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இந்த முறை அவன் தாமதிக்கவில்லை.

சம்மதக் குழு பத்தே நிமிஷத்தில் கையெழுத்திட்டது. அந்த மட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகும்போதே ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. மயக்க மருந்து கொடுக்கிறவர் முடியாதென்று தலையை ஆட்டினார். ஒரு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்தது.

டாக்டர் மெஹருன்னிசா வெளியே வந்து சொன்னதில் ஒன்றுதான் சுபத்ராவின் காதில் நின்றது. "புதன்கிழமை செஞ்சிருந்தா உடம்பு தாங்கியிருக்கும்."

யமுனா சத்தம் போட்டு அழவில்லை. சுபத்ராவின் முன்னால் வந்து நின்றாள்.

"அஞ்சு வருசத்துல மனசு மாறக் கூடாதுங்களா அக்கா? வாயிருக்கறவங்க நாளைக்கு நாலு தடவ மாத்திப் பேசறீங்க. என்ற வூட்டுக்காரரு ஒருதடவ சுலுவாச் சொல்லிட்டு ஆபரேசனுக்குப் போலாம்னு பாத்தாரு. நீங்க விடலீங்க."

இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அவனை அவனைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று சுபத்ரா நினைத்திருந்தாள். விளம்பரக் கம்பெனியும் அவன் என்ன சொல்வான் என்று ஊகித்தது, அவளும் ஊகித்தாள். கம்பெனியின் ஊகம் சரியாக இருந்தது என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

காரியம் முடிந்து நாலாம் நாள் அவள் இன்னொன்றையும் பார்த்தாள். மென்பொருளில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள் என்ற குறிப்பு இருக்கும். அந்தச் சுவாசக் கருவி வாக்கியத்தின் குறிப்பைத் திறந்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்பு, ஞானசேகர். எவனோ ஒரு நோயாளிக்கு என்றைக்காவது உதவும் என்று அவனே எழுதி வைத்த வாக்கியம். அன்றைக்கு அவள் இதைத் திறந்து பார்த்திருக்கலாம். வரிசை எண்ணை மட்டும் பார்த்தாள்.

இணையதளத்தில் அவனுக்கு ஒரு அஞ்சலிப் பக்கம் போட்டாள். அவன் படம், பிறந்த தேதி, கடைசியாகச் சொன்ன வரிகள். போட்டுவிட்டுத் திறந்து பார்த்தால், வலது ஓரத்துப் பெட்டியில் சுவாசக் கருவி வாடகை விளம்பரம் நிற்கிறது. முதல் மாதம் இலவசமாம். பக்கத்தில் இருக்கிற சொற்களைப் பார்த்து அதுவாகவே வருவது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. சுபத்ரா திரையை அறைந்தாள். கைதான் வலித்தது.

அன்றைக்கே மறுகுரல் குழுவில் யோசனை போட்டாள். "இணையதளத்திலிருந்து விளம்பரங்களை முழுவதுமாக எடுத்துவிடலாம். எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருக்கிறேன்."

பதினோராவது நிமிஷத்தில் ஒரு மறுப்பு வந்தது. ஆண்டிபட்டி செல்லதுரை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. விளம்பரப் பணத்தில் போன நாற்பத்துமூன்று கேமராக்களில் ஒன்று அவருடையது. குழுவில் அதுவரை அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"விளம்பரங்கள் தொடர்ந்து இருக்கட்டும். அவற்றால் எனக்குப் பயன் கிடைத்தது. மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும்."

சுபத்ரா அதை மூன்று தடவை படித்தாள். லாரிக்காரர் பேசுகிற பேச்சு மாதிரி இல்லை, பிசிறில்லாமல் இருந்தது. பதினொரு நிமிஷத்தில் கண்ணால் ஒவ்வொரு எழுத்தாக இவ்வளவையும் எழுதியிருக்க முடியாது. வரிசையிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். பட்டியலை அவள் பிரித்தெடுத்துவிட்டாள், உண்மைதான். ஆனால் பழைய பட்டியல் இன்னும் எத்தனை கருவிகளில் தங்கியிருக்கிறதோ, அதில் இன்னும் எந்தெந்த வாக்கியத்தை மேலே ஏற்றி வைத்திருந்தார்களோ!

அவள் பதில் எழுதத் தொடங்கினாள். "ஐயா, இது நீங்களே சொன்னதா, வரிசையில் முதலில் வந்ததா?"

அனுப்பப் போனவள் நிறுத்தினாள். இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டாயிற்று. அதற்கு ஒருவன் மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னான். அவள் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"மறுப்பு ஏற்கப்பட்டது. யோசனை கைவிடப்படுகிறது" என்று எழுதி அனுப்பினாள்.

ஒரு நிமிஷத்தில் செல்லதுரையிடமிருந்து பதில் வந்தது. "மிக்க நன்றி."

அதையும் நம்பினாள். இனி அவளுக்கு வேறு வழி இல்லை.